அடுத்தவளின் முறை

குண்டசாலையில் அந்தத் தையல் தொழிற்சாலை திறந்த புதிதில், அங்கே வேலைக்குச் சேர்ந்த பெண்களைவிட வேலையை விட்டு ஓடிய பெண்கள்தான் அதிகம் என்று கண்டி பஸ்காரர்கள் பகிடி பண்ணுவார்கள். அந்தப் பகிடி நேரே போய்க் கமலாசனியின் தலையில்தான் விழும். ஆட்களைச் சேர்ப்பதும் அவள், கழிப்பதும் அவள். ‘ஆளணிப் பிரிவு’ என்று கதவில் ஒரு பலகை, உள்ளே ஒரு மேசை, முனகிக்கொண்டு சுற்றும் ஒரு காற்றாடி, யன்னலுக்கு வெளியே மரங்களுக்கு நடுவில் கொஞ்சம் மகாவலி ஆறு. அவ்வளவுதான் அவளுடைய இராச்சியம்.

கமலாசனி கொடிகாமத்துப் பெண். தொண்ணூறாம் ஆண்டு, நிர்வாகப் படிப்பு ஒன்றுக்காகப் பேராதனைக்கு வந்தாள். சில மாதப் படிப்பு, முடிந்ததும் திரும்பிப் போவதாகத்தான் ஏற்பாடு. கணவன் விமலநாதன் ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் மருந்தாளர். “படிச்சுப்போட்டு ஆறுதலா வாரும், நான் எங்கை ஓடப்போறன்” என்று சொல்லித்தான் ரயிலேற்றி விட்டான். படிப்பு முடிவதற்குள் சண்டை தொடங்கிவிட்டது. ரயில் நின்றது, பாதை மூடியது, தொலைபேசி செத்துப்போனது. அவன் ஓடவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான் பாவி, அங்கேயே நின்றுவிட்டான்.

அதற்குப் பிறகு எல்லாம் கடிதம்தான். செஞ்சிலுவைக்காரர் கொண்டுவரும் கடிதங்களில் அவன் எப்போதும் அடுத்த மாதம் வருவான். ஆஸ்பத்திரியில் டொக்டர் போய்விட்டார், தாதிமாரில் பெரிய மிஸி போய்விட்டா, இப்போது இவனும் போனால் மருந்து கொடுக்க ஆளில்லை, ஒரு ஆள் வந்ததும் வருவான். நான் அங்கே வருகிறேன் என்று இவள் எழுதினால், வருகிற வழியில் கிளாலிக் கடலில் வள்ளங்களுக்குச் சுடுகிறார்கள், அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதேயும் என்று பதில் வரும். “அந்த ஆஸ்பத்திரியையே கட்டிக்கொண்டு கிடக்கட்டும்” என்று வீட்டுக்காரி பஸீஹாவிடம் வெடித்துவிட்டு, மாடியறைக்குப் போய் அவனுடைய பழைய சேர்ட்டை முகத்தில் போட்டுக்கொண்டு அழுவாள். சேர்ட்டில் அவன் வாசம் எப்போதோ போய்விட்டது. அது அவளுக்கும் தெரியும்.

பஸீஹாவின் வீடு மடவளையில். கணவர் றவூப் பஸாரில் புடவைக்கடை வைத்திருந்தார். மாடியில் ஒற்றை அறையைக் கமலாசனிக்குக் கொடுத்திருந்தார்கள். எண்பத்து மூன்று கலவரத்தில் கண்டியில் கடைகள் எரிந்ததைக் கண்ணால் பார்த்தவர் றவூப். அதனால் கமலாசனி வேலை முடிந்து வரப் பிந்தினால் பஸ் ஹோல்ட்டில் போய் நிற்பார், கேட்டால் பாண் வாங்க வந்தேன் என்பார். நல்ல மனிதர்கள். ஆனால் நல்ல மனிதர்களுடைய வீடு அவள் வீடாகிவிடுமா? அடுப்பில் கறி தாளிக்கிற வாசம் மேலே வரும்போதெல்லாம், கீழே ஒரு புருசனும் பெண்சாதியும் ஒன்றாக இருந்து சாப்பிடுகிறார்கள் என்ற நினைப்பு அவளைப் பிய்த்துத் தின்னும்.

இனி அவள் செய்த மடத்தனத்தைச் சொல்ல வேண்டும்.

தொழிற்சாலையில் மெசின்கள் வரிசை வரிசையாக இருக்கும். ஒரு வரிசைக்கு ‘லைன்’ என்று பெயர். கொலர் தைக்கிறவள் கொலர், கை பொருத்துகிறவள் கை என்று ஆளுக்கொரு வேலை. ஆனால் அந்தப் பெண்கள் அப்படி இருக்கவில்லை. கொலர்க்காரிக்கு வேலை குறைந்தால் எழும்பிப் போய்க் கைக்காரியின் பக்கத்தில் குந்தி அவளுடைய துணியைப் பிடித்துக் கொடுப்பாள். ஒருத்தி வராவிட்டால் இன்னொருத்தி இரண்டு மெசினுக்கும் ஓடித் திரிவாள். கொழும்பிலிருந்து வந்த நிபுணர் இதைப் பார்த்துவிட்டு, இது சந்தை, தொழிற்சாலை இல்லை என்றார். முதலில் இந்த இடத்தின் பண்பாட்டை மாற்றவேண்டும் என்று பொது முகாமையாளர் ஜயதிலக்கவுக்கு அரைநாள் வகுப்பெடுத்தார். ஆளுக்கு ஒரு மெசின், ஆளுக்கு ஒரு டார்கெட், எட்டினால் ஆளுக்கு ஒரு ஊக்கப்பணம். இதுதான் புதிய ஆளணித் திட்டம்.

கமலாசனிக்குச் சட்டதிட்டம் என்றால் சர்க்கரைப் பொங்கல். அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்த அப்பாவின் மகள். எங்கள் ஊரில் ஒரு பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கதிரையில் பெயர் எழுதி வைத்தால் எவ்வளவு பெருமை என்று எண்ணிக்கொண்டு, ஒவ்வொரு மெசினிலும் அதற்குரிய பெண்ணின் பெயரை அழகாக எழுதி ஒட்டினாள். தன் கையாலேயே, மூன்று மொழியிலும். வேறொருத்தியின் மெசினில் யாரும் கைவைக்கக் கூடாது என்றும் அறிவித்தாள். மரியாதை செய்கிறேன் என்றுதான் நினைத்தாள். பெண்கள் பெயரைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், குனிந்து தைத்தார்கள். அந்த மாதமே விட்டுப் போகத் தொடங்கினார்கள்.

போனவர்களில் நல்ல கைகாரி சோமலதா. அவள் போனது முகாமையாளருக்குச் சுட்டது. போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று கமலாசனியைத் துரத்தினார்.

சோமலதாவின் வீடு மெனிக்ஹின்னைப் பக்கம், வயல்வெளியைத் தாண்டி ஒரு மேட்டில். கமலாசனி போய்ச் சேர்ந்த நேரம் வயலில் அறுவடை. மாசி வெயில் மெல்லிசாகக் காய்ந்தது. சோமலதா சேற்றிலிருந்து தலைநிமிர்ந்து, மெடம் வந்துவிட்டா என்று சிரித்தாளே தவிர ஏறி வரவில்லை. வரம்பில் குடையைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் நிற்பது? செருப்பைக் கழற்றிவிட்டுக் கமலாசனியும் இறங்கி, அறுத்துப் போட்ட கதிரைத் தூக்கிச் சேர்த்தாள். சேலைக்கரை முழுக்கச் சேறு. மத்தியானம் பலாக்காய்க் கறியும் சிவப்பரிசிச் சோறும் கருவாட்டுச் சம்பலும் வாழையிலையில் வந்தன. வரிசையாக வரம்பில் இருந்து சாப்பிட்டார்கள். அவளுக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் விசாரித்தாள்: இவ்வளவு பேருக்கும் கூலி யார் கொடுப்பது?

எல்லோரும் சிரித்தார்கள். கூலியா? இது அத்தம். இன்றைக்கு இவர்கள் எங்கள் வயலில், நாளை மறுநாள் நாங்கள் அவர்கள் வயலில். கை கொடுத்தவருக்குக் கை கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். சோமலதாவின் அப்பா ஒரு வளவைக் காட்டினார். அந்த வீட்டுக்காரன் ஒருமுறை வாங்கிய கையைத் திருப்பிக் கொடுக்கவில்லையாம். அதோடு அவனை யாரும் அத்தத்துக்குக் கூப்பிடுவதில்லையாம். அவன் வயலில் அவன் மட்டும் நிற்பானாம். அப்போது சோமலதா மெதுவாகச் சொன்னாள், மெடம் எங்கள் எல்லோரையும் அந்த ஆள் மாதிரி ஆக்கிவிட்டீர்களே, ஒருத்தியின் மெசினை ஒருத்தி தொடக்கூடாது என்றால் நாங்கள் என்ன குற்றம் செய்தோம்?

கமலாசனி எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்தாள். இது அவளுக்குத் தெரியாத விசயமா? கொடிகாமத்தில் வேலியடைப்பு வந்தால் என்ன நடக்கும்? சொந்தக்காரர் அயலவர் எல்லாம் வந்துவிட மாட்டார்களா? பின்னிய தென்னோலைக் கிடுகை வரிந்து கட்ட உள்ளே ஒரு ஆள், வெளியே ஒரு ஆள் வேண்டும். உள்ளே இருப்பவர் குத்தூசியால் கயிற்றை வெளியே தள்ள, வெளியே இருப்பவர் அதை வாங்கி மறுபடி உள்ளே தருவார். விமலநாதனை அவள் முதன்முதலில் அறிந்ததே அப்படித்தான். வேலியடைக்க வந்த அயல்வீட்டுப் பெடியன். அவன் வெளியில், இவள் உள்ளே. முகம் தெரியாது. “கயிறு வருது, பிடியும்” என்று குரல் மட்டும் வரும். அன்று பொழுதுபடும்வரை அந்தக் குரலுக்காகவே வேலி இன்னும் கொஞ்சம் நீளக்கூடாதா என்று இருந்தாள். இதையெல்லாம் எங்கே கொண்டுபோய்த் தொலைத்தேன் என்று அவளுக்கு அவள் மேலேயே எரிச்சல் வந்தது. அந்த வரம்பில், யாரோ ஒருவருடைய வயலில், அவனை அவ்வளவு பக்கத்தில் நினைத்துக்கொண்டு அவ்வளவு தூரத்தில் இருப்பது தாங்க முடியாமல் இருந்தது. கண்ணைத் துடைத்தாள். கறி உறைப்பு என்று சமாளித்தாள்.

அடுத்த கிழமை முகாமையாளரோடு பெரிய வாக்குவாதம். ஜயதிலக்க கெட்டவர் இல்லை, கொழும்புக்குப் பயந்தவர். பண்பாட்டை மாற்றச் சொல்லியல்லவா நிபுணர் சொன்னார் என்றார். இந்தப் பிள்ளைகள் ஒரு பண்பாட்டோடுதான் வாசலுக்குள் வருகிறார்கள் சேர், நாங்கள்தான் அதைக் கேற்றடியில் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்கிறோம், திட்டத்தை அவர்கள் பக்கம் வளைப்போம், அப்போதுதான் அது நிற்கும் என்று இவள் ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில் ஒரு லைனில் மட்டும் செய்து பார்க்க விட்டார். பெயர்கள் கிழிக்கப்பட்டன. ஊக்கப்பணம் லைனுக்குப் பொதுவாக வந்தது. லீவையும் லைனே தீர்மானிக்கும். ஒருத்தி போனால் மற்றவர்கள் அவளுடைய வேலையைத் தாங்க வேண்டும். அதற்கு ஒரேயொரு சட்டம்: போனவள் திரும்பி வந்தால்தான் அடுத்தவள் போகலாம்.

சோமலதா திரும்பி வந்தாள். அவள் வந்ததும் விட்டுப்போன மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். மடவளை றமீஸா, நோன்பு காலத்தில் தான் நேரத்தோடு போகலாம் என்றதும் அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். தெல்தோட்டை வடிவம்மா தேயிலைத் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் பிடித்து வந்து, பக்கத்தில் விடுதியில் தங்கினாள். வாய்க்காரி. மெசினைவிட அவள் வாய்தான் வேகம் என்பார்கள். ஆனால் ஒருவருடைய கையை ஒருவர் பார்த்துத் தைக்கிற அந்த லைனிலிருந்து போன சேர்ட்டுகளில் பழுதென்று திரும்பி வந்தவை அபூர்வம்.

திட்டம் ஒருமுறை ஆடியதும் வடிவம்மாவால்தான். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கென்று போனாள், போன இடத்தில் கல்யாணமும் முடித்துக்கொண்டாள். மாமன் மகன்தான். எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு வவுனியாப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பம், மாப்பிள்ளை மட்டும் இவளுக்காகத் திரும்பி வந்திருந்தான். அவள் வரவேண்டிய நாள் வந்தது, போனது. அவளுக்கு அடுத்த முறை றமீஸாவுக்கு. றமீஸாவின் உம்மாவுக்குக் கண்ணில் ஒப்பரேசன். அவள் நாளை எண்ணிக் காத்துக்கொண்டிருந்தாள். லைனில் முணுமுணுப்புத் தொடங்கிவிட்டது. இதுதான் உங்கள் அத்தமா என்று ஜயதிலக்க ஒரு மாதிரியாகச் சிரித்தார்.

கமலாசனி தெல்தோட்டைக்குப் பஸ் ஏறினாள். மழை தூறிக்கொண்டிருந்தது. தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலில் வடிவம்மா புதுத்தாலியும் மஞ்சள் முகமுமாக நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒரு கூச்ச சுபாவக்காரன். பாலில்லாத சாயத்தண்ணியும் ரொட்டியும் தந்து உபசரித்தார்கள். வடிவம்மா கெஞ்சினாள். “இப்பதான மிஸ் கல்யாணமாச்சி. இவரு அடுத்த மாசம் வவுனியாவுக்குப் போயிருவாரு. அதுவரைக்கும் இருந்துட்டு வந்துர்றேன் மிஸ். ஒரே ஒரு மாசம்.”

கமலாசனி அந்த நேரத்தில் எப்படித்தான் அவ்வளவு உறுதியாக இருந்தாளோ. “உனக்குப் பின்னாலை ஒருத்தி நிக்கிறாள் வடிவு” என்றாள். “நீ சந்தோசமா இருக்கிற ஒவ்வொரு நாளும் அவளின்ரை நாள். அதை நீ எடுக்கேலாது.”

வடிவம்மா வந்தாள். பஸ்ஸில் வழி முழுக்கக் கண்ணாடிப் பக்கம் திரும்பி இருந்து அழுதாள். கமலாசனியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு அவளுடைய வாயும் ஓடவில்லை. றமீஸா போய் வந்தாள். லைன் நிமிர்ந்தது. எல்லா லைனுக்கும் அதே திட்டம் என்று கொழும்பிலிருந்து உத்தரவு வந்தது, போதாததற்குப் பாராட்டும் வந்தது.

ஜயதிலக்க இனிப்புப் பெட்டியோடு அவள் அறைக்கு வந்தார். என்ன வேண்டும், கேளுங்கள் என்றார். அவள் கேட்டுவிட்டாள். தொழிற்சாலைக்கு ஒரு மருந்தறை வேண்டும் சேர், அதற்கு ஒரு மருந்தாளர் வேண்டும். அவர் யோசித்தார், சிரித்தார், உங்கள் கணவரை வரச்சொல்லுங்கள், வேலை அவருக்குத்தான் என்றார்.

அன்றைக்கு எழுதிய கடிதத்தில் அவள் கெஞ்சவில்லை, அதட்டினாள். வேலை இருக்கிறது, வீடு பார்க்கிறேன், இனியும் அடுத்த மாதம் என்று எழுதினால் என்னை மறந்துவிடுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவளைப் பஸீஹா கீழேயிருந்து கூப்பிட்டாள். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. “புள்ள, கையில ஈக்கிறத போட்டுட்டு கீழ வாங்க. ஒங்கட மாப்புள வந்தீக்கார்.”

வாசலில் ஒரு மெலிந்த மனிதன் நின்றான். தலை பாதி நரைத்திருந்தது. பனங்கட்டி வைத்த ஓலைக் குட்டானையும் ஒரு உரப்பையையும் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றவா வேண்டாமா என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கமலாசனி அப்படியே படியில் இருந்துவிட்டாள். அவன் நிமிர்ந்து பார்த்து, “வந்திட்டன்” என்றான். ஏதோ சந்தைக்குப் போய் வந்தவன் மாதிரி.

அடுத்து வந்த நாட்கள் எப்படிப் போயின என்று அவளுக்கே தெரியாது. அவன் லைற் சுவிட்சைப் போட்டுப் போட்டுப் பார்த்தான். அங்கே ஜாம் போத்தலில் திரி போட்டுத்தான் விளக்காம். சவர்க்காரத்தைக் கையில் வைத்து மணந்து பார்த்துக்கொண்டே இருந்தான், குளிக்க மறந்துவிட்டான். பஸீஹா வட்டிலப்பம் அவித்தாள். றவூப் கடையிலிருந்து உடுக்க இரண்டு சாரம் கொண்டுவந்து, விலை கேட்டால் கோபித்துக்கொள்வேன் என்றார். மாலையில் இரண்டு பேரும் கண்டி வாவியைச் சுற்றி நடந்தார்கள். சோதனைச் சாவடியில் பொலிஸ்காரன் அவனுடைய அடையாள அட்டையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தபோது கமலாசனி தன் தொழிற்சாலை அட்டையைக் காட்டி, என் கணவர், எங்கள் தொழிற்சாலையில் வேலைக்குச் சேரப்போகிறார் என்று சொன்னாள். அப்படிச் சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? பொலிஸ்காரன் கேட்காத விபரத்தையும் சொன்னாள். குண்டசாலையில் வீடு ஒன்று பார்த்தாயிற்று. சின்ன வீடு. பின்னால் ஒரு முருங்கை. இவன் காலையில் அதற்குத் தண்ணி ஊற்றுவதாகவும், தான் அடுப்படி யன்னலால் பார்ப்பதாகவும் மனதுக்குள் குடும்பமே நடத்தத் தொடங்கிவிட்டாள்.

ஒரு மத்தியானம் மாடியில் இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கத்தரிக்காய்ப் பால்கறி, அவனுக்குப் பிடித்தது. அங்கேயிருந்து வெளிக்கிட, ஊரை ஆளும் இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும், போகிற ஆள் திரும்பி வருவார் என்று அங்கே நிற்கிற ஒரு ஆள் பிணை நிற்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். ஆளணிக்காரி அல்லவா, சும்மா பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்.

“உங்களுக்கு ஆர் பிணை நிண்டது?”

அவன் கறியைப் பிசைந்தான். “அது ஒரு ஆள்.”

“ஆரப்பா?”

“செசிலியா மிஸி.”

செசிலியா மிஸியை அவளுக்குக் கடிதத்தில் தெரியும். இவனுக்கு மலேரியா வந்து கிடந்தபோது மருந்தறையையும் வார்டையும் சேர்த்துப் பார்த்தவள். அவளுடைய ஒரே மகள் நீர்கொழும்பில் சித்தி வீட்டில் படிக்கிறாள். பாதை மூடின நாளிலிருந்து தாய் பிள்ளையைப் பார்க்கவில்லை.

“நீங்கள் திரும்பிப் போகாட்டி?”

“அவவுக்குப் பாஸ் குடுக்க மாட்டினம். விசாரிப்பினம். வேறை ஒண்டும் செய்யாயினம்” என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். “நான் போய் வந்த பிறகு அவ மகளைப் பாக்கப் போறதெண்டுதான் கதை. எனக்குத் தெரியும் கமலா. தெரிஞ்சுதான் வந்தனான். எத்தினை பேர் அப்பிடி வந்து நிக்கினம். எனக்கும் ஏலாது. நான் போகேல்லை.”

அவனுக்கு இன்னும் கொஞ்சம் கறி போட்டாள். நான் போகேல்லை என்ற அந்தச் சொல்லுக்காகத்தானே இவ்வளவு காலமும் காத்திருந்தாள். அது வந்துவிட்டது. வாங்கி மடியில் கட்டிக்கொண்டு பேசாமல் இருந்தால் என்ன? யாருக்குத் தெரியப்போகிறது? நீர்கொழும்பில் இருக்கிற அந்தப் பிள்ளையை அவள் கண்டதுகூட இல்லை.

அடுத்த நாள் வேலையில் அவளால் இருக்க முடியவில்லை. லைன் பக்கமே போகாமல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். வடிவம்மாவின் லயத்து வாசலும் மழையும், தான் அங்கே நின்று சொன்ன சொல்லும் அவளை விடவில்லை. அன்றைக்கு அது எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. இன்றைக்கு அதே சொல் அவளிடமே திரும்பி வந்து நிற்கிறது. நான் அந்தப் பெட்டையை இழுத்துக்கொண்டு வந்தேனே, எந்த முகத்தோடு இவரை இங்கே வைத்துக்கொண்டு அவளுக்கு லீவு எழுதுவேன் என்று நினைத்தாள். நினைத்து, அந்தச் செசிலியா மிஸி மேல் அவளுக்குக் கோபம்கூட வந்தது. ஏன் பிணை நின்றாய், உன்னை யார் கேட்டது?

வீட்டுக்கு வந்தபோது விமலநாதன் பின்வளவில் பஸீஹாவுக்குக் கொய்யா பறித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. அவனைக் கூப்பிட்டு மாடிப்படியில் பக்கத்தில் இருத்தினாள்.

“பாஸ் முடிய முதல் நீங்கள் போகோணும்.”

அவனுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் முகம் கறுத்தது. “வா வா எண்டு எழுதினது நீர்தானே. வராட்டி மறந்திடுங்கோ எண்டு எழுதினதும் நீர்தானே.”

“ஓம். நான்தான்.”

“பிறகு?”

“அப்ப உங்களுக்குப் பின்னாலை ஒரு தாய் நிக்கிறது எனக்குத் தெரியாது.” அவள் அவன் கையைப் பிடித்தாள். மருந்து கலந்து கலந்து விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. “எனக்கு நீங்கள் வேணும். ஒவ்வொரு நாளும் வேணும். அந்த வீட்டிலை உங்களோடை இருக்கிறதை நினைச்சு நினைச்சு நான் பைத்தியமாப் போனன். ஆனா அந்தப் பிள்ளையின்ரை தாயை அங்கை அடைச்சு வைச்சிட்டு, இஞ்சை உங்களுக்குச் சோறு போட என்ரை கை வராது.”

“நல்ல ஆளணி அலுவலர்தான் நீர்” என்றான் அவன். அது ஏச்சா பாராட்டா என்று அவனுக்கும் தெரிந்திருக்காது. பிறகு அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, செசிலியா போய் வந்த பிறகு ஆஸ்பத்திரியில் மிஞ்சியிருக்கிற மற்ற இரண்டு பேரும் போய் வரவேண்டும், அதற்குப் பிறகுதான் மறுபடி தன் முறை வரும் என்றான். வரட்டும், இருக்கிறேன் என்றாள் அவள்.

வாக்குக் கொடுத்துவிட்டாளே தவிர, அவனைக் கண்டி பஸ்நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போன காலையில் அவள் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு கடை வாசலிலும் நின்றாள். சவர்க்காரம், பற்றரி, பனடோல் என்று கொண்டுபோக விடுவார்களோ மாட்டார்களோ தெரியாத சாமான்களை எல்லாம் வாங்கித் திணித்தாள். வவுனியா பஸ் புறப்பட்டது. அவன் யன்னலால் கையை நீட்டினான். அவள் பிடிக்கவில்லை. பிடித்தால் விடமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். பஸ் திரும்பி மறைந்த பிறகுதான், பிடித்திருக்கலாமே என்று அந்த இடத்திலேயே நின்று துடித்தாள்.

வீட்டுக்குப் போக மனமில்லை. நேரே தொழிற்சாலைக்குப் போனாள். மருந்தறைக்கு வேறு ஆள் பாருங்கள் சேர் என்று ஜயதிலக்கவிடம் சொன்னாள். அவர் ஏன் என்று கேட்டார். அங்கே அவருடைய லைனில் ஆள் குறைவு என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, சரி மெடம் என்றார்.

லைன் பக்கம் போனாள். செய்தி எப்படியோ அவளுக்கு முன்னால் வந்துவிட்டிருந்தது. பெண்கள் தலை நிமிராமல் தைத்தார்கள். சோமலதா மட்டும் ஒருமுறை அவளைப் பார்த்துவிட்டுத் துணிக்குத் திரும்பினாள். வடிவம்மா தான் இருந்த வாங்கில் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டாள். கமலாசனி இருந்தாள்.

“அன்னைக்கு பஸ்ல வர்றப்ப ஒங்கள மனசுக்குள்ள திட்டிக்கிட்டே வந்தேன் மிஸ்” என்றாள் வடிவம்மா, கொலரிலிருந்து கண்ணை எடுக்காமல். “நாசமாப் போகன்னு திட்டுனேன்.”

“இப்ப?”

“இன்னைக்குத்தான் நெறைய திட்டணும் போல இருக்கு. சார அனுப்பிட்டு வந்து ஒக்காந்திருக்கீங்களே, நீங்கல்லாம் ஒரு பொம்பளையா மிஸ்?” அவள் குரல் உடைந்துவிட்டது.

“திட்டு வடிவு” என்றாள் கமலாசனி. “வாயை மூடாதை. நல்லாத் திட்டு.”

வடிவம்மா திட்டினாள். கமலாசனி அவள் தோளில் முகத்தை வைத்து, தொழிற்சாலை முழுக்கப் பார்க்க, வாய்விட்டு அழுதாள். வடிவம்மா ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு மறுகையால் தைக்கப் பார்த்தாள், முடியவில்லை. பக்கத்து மெசினிலிருந்து றமீஸா எட்டி, அந்தக் கொலரை எடுத்துத் தன் மெசினில் வைத்துத் தைக்கத் தொடங்கினாள்.